இரைச்சலுக்கு எந்த ஷீட்?

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் உள்ள கார் ஆக்சசரீஸ் கடைகளில் ‘டேம்பிங்’ என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே சரக்கைத்தான் எடுத்துப் போடுவார்கள். மேலே மினுங்கும் அலுமினியத் தாள், கீழே கையில் ஒட்டும் கறுப்பு ரப்பர், 2 மி.மீ. கனம். “நாலு டோர், ஃப்ளோர், டிக்கி, ரூஃப் மொத்தமா போட்டுடலாம் சார், சத்தமே இருக்காது” என்பார் கடைக்காரர். போட்டு முடித்ததும் கதவு ‘தப்’ என்று கனமாகச் சாத்தும். காசு கொடுத்தது வீண் போகவில்லை என்று மனம் குளிரும். செங்கல்பட்டைத் தாண்டி நெடுஞ்சாலையில் வேகம் 90-ஐத் தொடும்போது பழைய இரைச்சலில் பெரும்பகுதி அப்படியே காதில் விழும்.

ஷீட் போலி என்று சொல்ல முடியாது. அதற்குத் தெரிந்த வேலையை அது ஒழுங்காகவே செய்திருக்கிறது. சிக்கல் என்னவென்றால், காருக்குள் இரைச்சலைக் குறைப்பது ஒரு வேலை அல்ல, மூன்று வேலைகள். அதிரும் தகட்டை அடக்குவது ஒன்று. காற்று வழியே வரும் ஒலியைத் தடுப்பது இரண்டாவது. உள்ளே வந்துவிட்ட ஒலியை உறிஞ்சுவது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் பொருள் வேறு, இயற்பியலும் வேறு. எந்த பிராண்டு வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், நம் காருக்கு இந்த மூன்றில் எது தேவை என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

ஓடும் காரில் சத்தம் பிறக்கும் இடங்கள் இன்ஜின், டயர், காற்று என மூன்று. சிக்னலில் நின்று கிளம்பும்போதும் சிறிய கியரில் ஊரும்போதும் இன்ஜின்தான் முந்தி நிற்கும். வேகம் 40, 50 கிலோமீட்டரைத் தாண்டினால் டயர் அதை விழுங்கிவிடும். 100-ஐ நெருங்கும்போது காற்று போட்டிக்கு வரும். சைடு மிரர், கண்ணாடித் தூண், கதவு விளிம்பு ஆகியவற்றில் மோதிக் கலையும் காற்று எழுப்பும் ஒலியின் ஆற்றல், தோராயமாக வேகத்தின் ஆறாம் அடுக்கில் ஏறுகிறது. 50 கிலோமீட்டரில் இருந்து 100-க்குப் போனால் அது 64 மடங்காகும். டெசிபலில் சொன்னால் 18. அதே வேக இரட்டிப்பில் டயர் இரைச்சல் 9 முதல் 12 டெசிபல் வரைதான் கூடும். மின்சாரக் காரில் இன்ஜினின் உறுமல் இல்லை என்பதால், அதுவரை அதற்குள் ஒளிந்திருந்த டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் துலக்கமாகக் கேட்கின்றன.

பிறந்த சத்தம் உள்ளே வர இரண்டு வழிகள். சாலையின் கரடுமுரடில் டயர் வாங்கும் அதிர்வு சஸ்பென்ஷன் வழியாகப் பாடிக்கு ஏறி, தரையையும் கூரையையும் கதவையும் அதிர வைப்பது ஒரு வழி. டயரின் சீறலும் காற்றின் ஊளையும் வீல் ஆர்ச், கதவு இடுக்கு, கண்ணாடி ஆகியவற்றின் ஊடாக நேரே காதுக்கு வருவது இன்னொரு வழி. சுமார் 400, 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்கும் ‘ஹூம்’ எல்லாம் பெரும்பாலும் முதல் வழி. அதற்கு மேலே கேட்கும் ‘ஷ்ஷ்’ பெரும்பாலும் இரண்டாம் வழி.

எது எது என்று பிரித்துப் பார்க்கக் கருவி வேண்டாம். காரை நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை 3000 சுற்றுக்கு உயர்த்திக் கேளுங்கள். இன்ஜினின் பங்கு அதுதான். ஒரே வேகத்தில் தார்ச் சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு மாறும்போது சத்தத்தின் குணம் மாறினால் அது டயர். கதவு இடுக்குகளின் மேல் வெளிப்பக்கமாக மாஸ்க்கிங் டேப் ஒட்டி ஓட்டிப் பார்த்து, சத்தம் குறைந்தால் குற்றவாளி காற்று. கதவின் ரப்பர் பீடிங் சரியாக உட்காரவில்லை என்று பொருள்.

டெசிபலின் கழித்தல் கணக்கு

இந்தப் பிரித்தறிதல் ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்கு சொல்லும். நெடுஞ்சாலையில் ஒரு காருக்குள் டயரால் 68, காற்றால் 62, இன்ஜினால் 60 டெசிபல் வருவதாக வைத்துக்கொள்வோம். டெசிபல் மடக்கை அளவு என்பதால் இவற்றை நேராகக் கூட்ட முடியாது. மூன்றும் சேர்ந்து 69.5 டெசிபல்தான் ஆகும். இப்போது இன்ஜினையும் உட்புறத்தையும் பிரிக்கும் தகடான ஃபயர்வால், பானெட் எல்லாவற்றிலும் செலவழித்து இன்ஜின் சத்தத்தை அடியோடு ஒழித்துவிட்டோம் என்றால் மொத்தம் 69-க்கு வரும். அரை டெசிபல் லாபம். காது அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. இன்ஜினைத் தொடாமல் டயர் சத்தத்தில் மட்டும் 6 டெசிபலைக் குறைத்தால் மொத்தம் 66.2 ஆகும். 3.3 டெசிபல் லாபம். பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியும்.

சத்தம் பாதியானது போலக் காதுக்குத் தோன்ற சுமார் 10 டெசிபல் குறைய வேண்டும். ஆகவே ‘சத்தமே இருக்காது’ என்ற வாக்குறுதியை எந்த ஷீட்டும் காப்பாற்றாது. பெரிய ஊற்றை முதலில் அடைப்பதுதான் ஒரே வழி.

அடக்கும் ரப்பர்

காரின் வெளித் தகடு பெரும்பாலும் 0.7, 0.8 மி.மீ. கனமுள்ள எஃகு. எவர்சில்வர் தட்டு தரையில் விழுந்தால் எப்படி விடாமல் ஒலிக்குமோ, அப்படி ஒலிக்கக்கூடியது. தட்டின் மேல் ஒரு விரலை வைத்ததும் சத்தம் நின்றுவிடும். அலுமினியம் ஒட்டிய ரப்பர் ஷீட்டின் வேலை அந்த விரலின் வேலைதான்.

ரப்பர் என்றாலும் எல்லா ரப்பரும் உதவாது. இங்கே வேண்டியது பியூட்டைல். அமெரிக்காவின் ஸ்டாண்டர்டு ஆயில் ஆஃப் நியூ ஜெர்சி ஆய்வகத்தில் வில்லியம் ஸ்பார்க்ஸ், ராபர்ட் தாமஸ் இருவரும் 1937-இல் உருவாக்கியது அது. காற்றைக் கசியவிடாது என்பதால் டயர் டியூப் செய்யும் பொருளாக உலகெங்கும் போனது. அதன் இன்னொரு குணம் மந்தம். பியூட்டைலில் பந்து செய்து தரையில் போட்டால் சரியாக எம்பாது. வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக்கித் தனக்குள்ளேயே தின்றுவிடும். தகட்டின் அதிர்வை அடக்க இந்த மந்தம்தான் வேண்டும்.

அப்படியானால் மேலே அலுமினியம் எதற்கு? பலர் நினைப்பதுபோல் வெயிலைத் திருப்பி அனுப்ப அல்ல. எதிரே காற்று இடைவெளி இல்லாமல் வேறு பொருளோடு ஒட்டிக் கிடக்கும் அலுமினியத் தாள் வெப்பத்தைப் பிரதிபலிக்காது, கடத்தத்தான் செய்யும். அதன் உண்மையான வேலை ரப்பரை இழுத்துப் பிடிப்பது. தகடு வளையும்போது கீழே உள்ள எஃகு ஒரு பக்கம் நகர, மேலே உள்ள விறைப்பான அலுமினியம் கூடவே நகர மறுக்க, நடுவில் மாட்டிய ரப்பர் பக்கவாட்டில் இழுபடுகிறது. அந்த இழுபாட்டில்தான் அதிர்வு வெப்பமாகிறது. இந்த மூன்றடுக்கு அமைப்பு எவ்வளவு அடக்கும் என்பதற்கான கணக்கை எட்வர்ட் கெர்வின் 1959-இல் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் ஆய்விதழில் எழுதினார். இன்றும் டேம்பிங் வடிவமைப்புக்கு அடிப்படை அதுவே.

கடையில் என்ன பார்க்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கிறது. முதலில் தாள். 100 மைக்ரான் அளவில் அலுமினியம் இருந்தால் நகத்தால் கீறினாலும் எளிதில் கிழியாது. மலிவான ஷீட்டில் இருப்பது அலுமினியப் பூச்சு பூசிய பிளாஸ்டிக் படலம், இழுத்தால் நீளும். நீளும் தாள் ரப்பரைப் பிடித்து நிறுத்தாது. அடுத்து மணம். தார் வாடை வந்தால் உள்ளே இருப்பது பியூட்டைல் அல்ல, தார்க் கலவை. கார் கம்பெனிகளே தரையில் தார் அட்டை போடுவதுண்டு. அது ஆலையின் அடுப்பில் உருகித் தகட்டோடு ஒன்றிப்போவதற்காகத் தயாரானது. கூரை ஒழுகலுக்கு விற்கும் தார் டேப்பைக் கதவில் ஒட்டுவது வேறு கதை. நம் சாலைகளுக்குப் போடும் வி.ஜி. 30 ரகத் தாருக்குத் தர நிர்ணயம் கேட்கும் குறைந்தபட்ச இளகுநிலை 47 டிகிரி செல்சியஸ். மே மாத வெயிலில் நிற்கும் கறுப்புக் காரின் கூரைத் தகடு 70 டிகிரியைத் தொடும். மலிவான தார் ஷீட் அந்தச் சூட்டில் இளகி ரூஃப் லைனிங் மேல் வந்து உட்கார்ந்துவிடும்.

பியூட்டைலுக்கும் சூடு ஒரு சோதனைதான். இவ்வகைப் பொருள்களின் அடக்கும் திறன் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் உச்சத்தைத் தொட்டு, அதற்கு இருபுறமும் சரியும். விளம்பரத் தாளில் உள்ள எண் பெரும்பாலும் 20 டிகிரியில் அளந்தது. நம் ஊர்க் கதவுத் தகடு 20 டிகிரியில் இருக்கும் நேரம் ஊட்டியில் மட்டுமே. 40 டிகிரியில் என்ன எண் என்று கேட்டு, அதைத் தரும் தயாரிப்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இனி முக்கியமான சேதி: தகடு முழுக்க ஒட்டத் தேவையில்லை. பெரிய சமதளத் தகட்டின் நடுப்பகுதிதான் அதிகம் அதிரும். வெல்டிங் செய்த ஓரங்களும், மடிப்பும் வளைவும் உள்ள இடங்களும் இயல்பிலேயே விறைப்பானவை. நடுப்பகுதியில் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மூடினாலே கிடைக்க வேண்டிய பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். மீதியை மூடுவதில் கூடுவது எடையும் பில்லும். சதுர மீட்டருக்கு 3 கிலோ என்று வைத்தால், ஒரு சிறிய ஹேட்ச்பேக்கின் தரை, கதவு, கூரை எல்லாவற்றையும் முழுக்க மூட 30 கிலோ வரை ஏறிவிடும்.

ஒட்டும் விதமும் பொருளுக்கு இணையாக முக்கியம். தகட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, ஷீட்டின் மேல் இருக்கும் வரிவடிவம் நசுங்கி மறையும் வரை இரும்பு ரோலரால் அழுத்த வேண்டும். காற்றுக் குமிழ் நிற்கும் இடத்தில் ரப்பர் இழுபடாது. அந்த அளவு ஷீட் வெறும் பாரம். வேலை முடிந்ததும் விரல் மூட்டால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்றது ‘டப்’ என்று அடங்கியிருந்தால் போதும். அதற்கு மேல் இரண்டாம் அடுக்கு போடுவது கடைக்காரருக்கு மட்டும் நல்லது.

தடுக்கும் எடை

காற்றில் வரும் ஒலியைத் தடுக்க வேண்டியது எடை. தடுப்பின் எடையை இரட்டித்தால் ஊடுருவும் ஒலி அதிகபட்சம் 6 டெசிபல் குறையும் என்பது ஒலியியலின் அடிப்படை விதிகளில் ஒன்று. 0.8 மி.மீ. எஃகு சதுர மீட்டருக்குச் சுமார் 6.3 கிலோ. அதோடு 5 கிலோ எடையுள்ள கன வினைல் விரிப்பை நேராக ஒட்டினால் கிடைப்பது 5 டெசிபல்தான். அதே வினைலைத் தகட்டில் ஒட்டாமல், நடுவே 10 மி.மீ. மென்மையான ஃபோம் வைத்து மிதக்கவிட்டால், சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் பலன் வேகமாகக் கூடும். கார் கம்பெனிகள் தரைக் கார்பெட்டுக்கு அடியில் வைப்பதும் இதுபோன்ற ஃபோமும் கனமான படலமும் சேர்ந்த அடுக்குதான். அதைப் பிய்த்து எறிந்துவிட்டு வெறும் ஷீட் ஒட்டிச் சத்தம் கூடியதாகப் புலம்புபவர்கள் உண்டு.

தடுப்புக்கு ஒரு கடுமையான நிபந்தனை இருக்கிறது: ஓட்டை இருக்கக் கூடாது. பரப்பில் 100-இல் ஒரு பங்கு திறந்திருந்தால், தடுப்பு எவ்வளவு கனமாக இருந்தாலும் மொத்தத்தில் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. ஒயர் நுழையும் துளையின் ரப்பர் வளையம் விழுந்துபோன ஃபயர்வால், தேய்ந்த டோர் பீடிங் ஆகியவை பல ஆயிரம் ரூபாய் வினைலைச் செல்லாக்காசாக்கிவிடும். டேம்பிங் ஷீட்டைக் கால்வாசி ஒட்டலாம். வினைலைக் கால்வாசி விரிப்பதில் பயனே இல்லை.

இத்தனைக்கும் பிறகு கண்ணாடி இருக்கிறது. 4 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ. எடையில் கதவுத் தகட்டை விடக் கனம். ஆனால் 3000 ஹெர்ட்ஸ் அருகே அதன் வளைவலையும் காற்றின் ஒலியலையும் ஒன்றோடொன்று இசைந்துபோய், அந்த இடத்தில் மட்டும் ஒலி தாராளமாகக் கடக்கும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் எல்லையும் அதே இடம். நடுவில் மென்மையான படலம் வைத்த அக்கூஸ்டிக் லேமினேட்டட் கண்ணாடி இதற்கு மருந்து. விலை கூடிய கார்களில் அதைப் பொருத்தியே தருகிறார்கள். சாதாரணக் காரில் கதவை எவ்வளவு கனப்படுத்தினாலும் கண்ணாடி ஒரு எல்லை போட்டுவிடும்.

உறிஞ்சும் பஞ்சு

மூன்றாவது வகை, காற்று புகக்கூடிய பஞ்சும் ஃபெல்ட்டும். ஒலி என்பது காற்றுத் துகள்களின் ஆட்டம். இழைகளின் நடுவே புகுந்து ஆடும்போது உராய்வில் அந்த ஆட்டம் வெப்பமாகித் தளர்கிறது. புக வழி இல்லையென்றால் உறிஞ்சலும் இல்லை. கடையிலேயே செய்யக்கூடிய சோதனை: துண்டை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மறுபக்கம் காற்று வந்தால் அது உறிஞ்சும். ஏ.சி. குழாய்மேல் போடும் கறுப்பு நைட்ரைல் ஃபோமும் யோகா மேட்டும் இந்தச் சோதனையில் தோற்றுவிடும்; அவற்றின் அறைகள் மூடியவை. வெப்பத்தைத் தடுக்கவும், பிளாஸ்டிக் உரசிக் கிறீச்சிடும் இடத்தில் வைக்கவும் அவை நல்லவை. உறிஞ்சி என்று சொல்லி விற்றால் வாங்காதீர்கள்.

உறிஞ்சிக்கும் எல்லை உண்டு. ஒலியின் அலைநீளத்தில் கால் பங்குக்கு அருகே கனம் இருந்தால்தான் அது நன்றாக வேலை செய்யும். 5000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அலைநீளம் 7 செ.மீ.; 2 செ.மீ. பஞ்சு போதும். நம் ஊரில் நிறைய ஓடும் 1 லிட்டர், மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் 3000 சுற்றில் எழுப்பும் முதன்மை அதிர்வு 75 ஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் நாலரை மீட்டர். காரின் நீளத்தையே தாண்டும். அந்த முனகலைப் பஞ்சும் உறிஞ்சாது, வினைலும் தடுக்காது. இன்ஜின் மவுன்ட் தேய்ந்திருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டுவதே அதற்கு வழி.

சோபா கடை ஸ்பாஞ்சை வாங்கி அடைக்க வேண்டாம். அது தண்ணீரைக் குடிக்கும், தீயும் பிடிக்கும். கார் உட்புறப் பொருள் எவ்வளவு வேகத்தில் எரியலாம் என்பதற்கு விதியே இருக்கிறது, அமெரிக்காவின் எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 302 விதிப்படி நிமிடத்துக்கு 102 மி.மீ.க்கு மேல் தீ பரவக் கூடாது. இந்தச் சோதனையில் தேறியது என்று அச்சிட்ட பொருளையே கேட்டு வாங்குங்கள்.

கதவுக்குள்ளே

கதவைப் பிரித்துப் பார்த்தால் இந்த மூன்று வேலைகளும் ஒரே இடத்தில் தெரியும். டோர் பேடைக் கழற்றினால் உள் தகடு. அதன் பெரிய துளைகளை ஒரு பிளாஸ்டிக் தாள் மூடியிருக்கும். அதற்கும் அப்பால் வெளித் தகடு. ஜன்னல் கண்ணாடியின் விளிம்பு வழியாக மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது அடியில் உள்ள வடிகால் துளைகளால் வெளியேறும். அந்தத் துளைகளை ஷீட்டால் மூடினால் ஒரே வடகிழக்குப் பருவமழையில் கதவின் அடி துருப்பிடிக்கத் தொடங்கும். வெளித் தகட்டின் நடுவில் கால்வாசி பியூட்டைல், டோர் பேடின் உட்புறத்தில் நீர் குடிக்காத பாலியெஸ்டர் பஞ்சு, பிளாஸ்டிக் தாளை ஓரம் பிரியாமல் மறுபடி ஒட்டுவது: இதுவே ஒரு கதவுக்குப் போதுமான வேலை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பல கார்களில் பக்கவாட்டு மோதலை உணரும் அழுத்த சென்சார் கதவுக்குள் இருக்கிறது. கதவு நசுங்கும்போது உள்ளே காற்றழுத்தம் சட்டென்று ஏறுவதை வைத்தே ஏர்பேக் விரிவதா வேண்டாமா என்று முடிவாகிறது. கம்பெனி திறந்து விட்ட துளையை மூடுவதும், மூடி வைத்த துளையைத் திறப்பதும் அந்தக் கணக்கைக் கெடுக்கலாம். உங்கள் மாடலில் அது எங்கே இருக்கிறது என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

போனில் பார்க்கும் எண்

வேலைக்கு முன்னும் பின்னும் செல்போன் ஆப்பில் டெசிபல் பார்ப்பது இப்போது வழக்கம். அந்த எண் பெரும்பாலும் ‘ஏ’ எடையிட்ட அளவு. காதைப் போலவே தாழ்ந்த ஒலியைக் குறைத்து மதிப்பிடும். 100 ஹெர்ட்ஸில் அது 19 டெசிபலைக் கழித்துவிடுகிறது. ஆகவே உங்கள் தலையைக் கனக்க வைக்கும் ‘ஹூம்’ நன்றாகக் குறைந்தும் எண் அசையாமல் இருக்கலாம். எண் 2 குறைந்தும் பயணக் களைப்பு அப்படியே இருக்கலாம். அதே சாலை, அதே வேகம், ஜன்னல் மூடி, ஏ.சி. ஃபேன் ஒரே நிலையில்: பின்சீட்டில் இருப்பவரோடு குரல் உயர்த்தாமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். அதைவிட நேர்மையான மீட்டர் கிடையாது.

எதில் தொடங்குவது?

முதலில் செலவே இல்லாத சோதனைகள்: டயரின் காற்றழுத்தம், மேடு பள்ளமாகத் தேய்ந்த டயர், வீல் பேரிங், டோர் பீடிங். டயர் மாற்றும் காலம் வந்துவிட்டால் சத்தம் குறைந்த டயரைத் தேடுங்கள். டயரின் உள்வெளியில் காற்று ஒலிக்கும் 200 ஹெர்ட்ஸ் ஒட்டிய ரீங்காரத்தை அடக்க, உள்ளேயே ஃபோம் ஒட்டிய டயர்களைக் கான்டினென்டல், மிஷ்லான் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. சத்தத்தைப் பிறக்கும் இடத்தில் குறைப்பது, வரும் வழியெல்லாம் துரத்துவதை விட எப்போதும் மலிவு.

அதன் பிறகும் டயர் சத்தம் தொந்தரவு செய்தால் பின் வீல் ஆர்ச்சும் ஸ்பேர் டயர் குழியும் முதல் இடம். செடான் காரில் பின்சீட்டும் அதன் பின்னாலுள்ள தட்டும் டிக்கியை ஓரளவு பிரித்து வைக்கும். ஹேட்ச்பேக்கில் அந்தத் தடுப்பு இல்லாததால் பின் சக்கரச் சத்தம் நேரே உள்ளே வரும். அங்கே பியூட்டைல், அதன் மேல் ஃபோமும் வினைலும், இடைவெளிகளில் பஞ்சு. இரண்டாவதாக நாலு கதவுகள். மழைத்துளியின் தாளம் பொறுக்க முடியாதவர்களுக்கு மட்டும் கூரை. பானெட்டில் போடும் பணத்தை மிச்சம் பிடித்துக்கொள்ளலாம்.

முழு காருக்கும் ஒரே ஷீட் என்ற பேக்கேஜை வாங்காதீர்கள். அதே பணத்தில் மூன்று பொருளையும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வையுங்கள். எடை குறைவாகவே ஏறும், கார் கூடுதல் அமைதி தரும்.